மினி கூப்பர் எஸ்: சத்தம் இருக்கிறது, இழுவை இல்லை

பூஸ்ட் அழுத்தமானியின் ஊசி காட்டுவது எஞ்சினின் வலு என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது காட்டுவது எஞ்சின் விழுங்காமல் மிஞ்சி நிற்கும் காற்றை. எஞ்சினின் பெல்ட்டால் சுற்றி உள்ளே காற்றைத் தள்ளும் பம்பான சூப்பர்சார்ஜர் தள்ளிவிடும் காற்றுக்கும் சிலிண்டர்கள் எடுத்துக்கொள்ளும் காற்றுக்கும் இடையிலான நெருக்கடிதான் பூஸ்ட் என்னும் அழுத்தம். இதை மனத்தில் இருத்தினால், ஊசி ஏறாதபோது எதைத் தேட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். காற்று போதிய அளவு தள்ளப்படாமல் இருக்கலாம். தள்ளப்பட்ட காற்று வழியில் எங்கோ வெளியேறலாம். அல்லது வந்த வழியே திரும்பி ஓடலாம். நான்காவதாகச் சொல்ல எதுவும் இல்லை.

கிளிநொச்சியில் ஏ-9 வீதியை ஒட்டிய என் கராஜுக்கு வருபவை பெரும்பாலும் உழவு இயந்திரங்களும், சிறு லொறிகளும், வீட்டுக்கு ஒன்றாக நிற்கும் ஜப்பானியச் சிறு கார்களும்தான். 2005ஆம் ஆண்டில் தயாரான மினி கூப்பர் எஸ் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது எனக்கே புதிது. லண்டனில் பல காலம் இருந்து திரும்பி, உருத்திரபுரத்தில் தோட்டம் செய்யும் ஒருவர் அதைக் கொழும்பில் வாங்கியிருந்தார். "அண்ணை, சூப்பர்சார்ஜரின் சத்தம் நன்றாக வருகிறது. ஆனால் கார் இழுக்கவில்லை. சார்ஜர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள்" என்றார். அந்தச் சார்ஜரின் விலைக்கு இங்கே நல்ல உழவு இயந்திரக் கலப்பை வாங்கலாம். அளந்து பார்க்காமல் அதைக் கழற்றுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

ஆர்53 என்று அழைக்கப்படும் இந்தத் தலைமுறைக் கார் ஒக்ஸ்ஃபோர்டில் ஒன்றுசேர்க்கப்பட்டது; எஞ்சின் பிரேசிலில் செய்யப்பட்டது. 1598 கன சென்ரிமீற்றர், நான்கு சிலிண்டர், அமுக்க விகிதம் 8.3க்கு 1. அதன் முன்புறம் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் அமர்ந்திருக்கிறது. எம்45 என்றால் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 0.74 லீற்றர் காற்று. பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் ஒரு முறை சுற்றும்போது சார்ஜர் ஏறக்குறைய இரண்டு முறை சுற்றுகிறது. ஆகவே கிராங்கின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை லீற்றருக்குக் கிட்டிய காற்று உள்ளே தள்ளப்படுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் ஒரு சுற்றில் எடுக்கக்கூடியது அதன் கொள்ளளவில் பாதி, 0.8 லீற்றர். மிச்சம் நெருக்கப்படுகிறது. இந்தக் கணக்கின்படி சேதமில்லாத ஆர்53, நிமிடத்துக்கு 6500 சுற்றை நெருங்கும்போது 0.8 பாரை ஒட்டிய அழுத்தத்தைக் காட்ட வேண்டும், காட்டும் (1 பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்). பழைய அளவில் 11, 12 பிஎஸ்ஐ. டர்போ போல வெளியேறும் புகையை நம்பி இது இயங்குவதில்லை. பெல்ட் சுற்றினால் சார்ஜரும் சுற்றும். அதனால்தான் குறை தேடுவதும் எளிது: சுற்றுகளுக்கு ஏற்ப ஊசி ஒழுங்காக ஏறியாக வேண்டும்.

முதலில் அழுத்தமானி. ரயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் கருவி இதற்கு உதவாது. அரை பாரைத் துல்லியமாகக் காட்டாது, வெற்றிடத்தைக் காட்டவே காட்டாது. ஒரு பக்கம் வெற்றிடத்தையும் மறுபக்கம் 2 பார் வரை அழுத்தத்தையும் காட்டும் கருவி தேவை. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்த பழைய ஒன்று என்னிடம் இருந்தது. பழைய கருவியை அப்படியே நம்பக் கூடாது. அதைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை, வீட்டுத் தண்ணீர்த் தாங்கி போதும். 10.2 மீற்றர் உயரத் தண்ணீர் 1 பார் அழுத்தம் தரும். என் வீட்டுத் தாங்கியின் நீர்மட்டம் நிலத்திலிருந்து 6 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தாங்கியிலிருந்து வரும் ஒளி ஊடுருவும் குழாயின் கீழ் முனையில் கருவியைப் பொருத்தி, கருவிக்கு முன் கொஞ்சம் காற்று அடைபட்டு நிற்கும்படி விட்டால் தண்ணீர் கருவிக்குள் போகாது. குழாயில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து தாங்கியின் மட்டம் வரை உயரத்தை அளந்து, 10.2ஆல் வகுத்தால் கருவி காட்ட வேண்டிய எண் கிடைக்கும். 0.59க்குப் பக்கத்தில் ஊசி நின்றது. அதன் பிறகு கருவியைப் பற்றிய ஐயம் எனக்கு இருக்கவில்லை.

அடுத்தது எங்கே இணைப்பது என்ற கேள்வி. இந்தக் காரில், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் சார்ஜருக்கு முன்னால் இருக்கிறது. காற்று வடிகட்டி, த்ரொட்டில், சார்ஜர், நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மனிஃபோல்ட் என்பதே வரிசை. த்ரொட்டிலுக்கும் சார்ஜருக்கும் நடுவில் இணைத்தால் வெற்றிடமோ பூச்சியமோதான் தெரியும். இன்டர்கூலருக்கு அப்பால், மனிஃபோல்டிலிருந்து வரும் சிறு ஹோஸில் மூன்று வழி இணைப்பு ஒன்றைச் செருகினேன். சொட்டு நீர்ப்பாசனக் கடையில் விற்கும் சிறிய பிளாஸ்டிக் இணைப்பே இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. கிளிப் போட மறக்கக் கூடாது. அங்கிருந்து கருவிக்கு நீண்ட ஹோஸ், கண்ணாடிக்குக் கீழாக ஆசனம் வரை.

எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியபடியே முறுக்கினால் பூஸ்ட் தெரியும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். சுமை இல்லாமல் ஓடும்போது த்ரொட்டில் சிறிதளவே திறந்திருக்கும்; மனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும்; அந்த வெற்றிடமே பைபாஸ் வால்வைத் திறந்து, சார்ஜர் தள்ளிய காற்றை அதன் வாய்க்கே திருப்பிவிடும். எரிபொருளை மிச்சப்படுத்த அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஆகவே வீதியில் ஓட்டியே அளக்க வேண்டும். பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடையில் வீதி நேராகவும் மட்டமாகவும் கிடக்கிறது. ஆனால் மாலையானால் மாடுகள் வீதியைத் தங்களுடையதாக்கிக்கொள்ளும். அதிகாலையில் போனோம். இரண்டாம் கியரில் முழுதாக மிதித்தால் வேக வரம்பைத் தொடும் நேரத்துக்குள் 5000 சுற்று வந்துவிடும். அதற்கு மேல் இந்தச் சோதனைக்குத் தேவையில்லை. ஓட்டுபவர் வீதியை மட்டும் பார்க்க வேண்டும். ஊசியைப் பார்த்து எழுத என் உதவியாளரான தம்பியைப் பக்கத்தில் அமர்த்தினேன்.

3000 சுற்றில் 0.2 பார். 4000இல் 0.28. 5000இல் 0.3. அதோடு நின்றுவிட்டது.

இந்த மூன்று எண்களும் நிறையச் சொல்கின்றன. பைபாஸ் வால்வு திறந்தபடி இறுகியிருந்தால் ஊசி பூச்சியத்தை விட்டு எழும்பவே அரும்பாடுபட்டிருக்கும். வடிகட்டி அடைத்திருந்தால் தொடக்கத்தில் ஒழுங்காக ஏறி, மேலே போகும்போதுதான் தளர்ந்திருக்கும். பெல்ட் வழுக்கினாலும் தொடக்கம் நன்றாகவே இருக்கும். சுமை கூடும்போது மட்டும் தேங்கும். இங்கே தொடக்கமே குறைவு. ஒரே அளவான ஓட்டை, காற்று குறைவாக வரும் கீழ்ச் சுற்றுகளில் அதன் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஆகவே கசிவு உண்டு என்று முடிவுகட்டினேன். ஆனால் மேலேயும் தேங்குகிறதே, அதற்குக் கசிவு மட்டும் காரணமாக இருக்க முடியுமா என்ற கேள்வி உறுத்தியது. குறிப்பேட்டில் அதையும் எழுதி வைத்தேன்.

பானற்றைத் திறந்ததும் எஞ்சினின் மேல் படுத்திருக்கும் இன்டர்கூலரைத்தான் பார்த்தேன். இருபுறமும் தடித்த இறப்பர் இணைப்புகளால் அது பிடிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் உள்மூச்சிலிருந்து வரும் எண்ணெய் ஆவி இந்தக் குழாய்களுக்குள் மெல்லிய படிவாக ஒட்டுவது வழக்கம். கசிவு இருந்தால் அந்த எண்ணெய் வெளியே தெறித்து, அதில் புழுதி பிடிக்கும். வன்னியின் கிரவல் புழுதி இந்த வகையில் பெரும் உதவி செய்கிறது. காரின் ஏனைய இடங்களில் படிந்திருந்த செம்புழுதி காய்ந்து கிடக்க, ஓர் இணைப்பின் அடிப்பக்கத்தில் மட்டும் அது ஈரமாக விசிறி வடிவில் விரிந்திருந்தது. விரலை மடித்து உள்ளே விட்டுத் தடவினேன். இறப்பரின் மடிப்பில் ஒரு கீறல். கையால் விரித்தால்தான் வாயைத் திறக்கிறது. எஞ்சின் ஓடாதபோது மூடிக் கிடக்கும். அழுத்தம் வரும்போது திறக்கும்.

ஒரு கசிவைக் கண்டவுடன் நிறுத்திவிடுவது சரியல்ல. இரண்டாவது ஒன்று பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அதனால் முழுப் பாதையையும் அழுத்தம் ஏற்றிச் சோதித்தேன். த்ரொட்டிலின் வாய்க்கு வரும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் பிவிசி குழாய் மூடி ஒன்றை இறுக்கினேன். மூடியில் துளை போட்டு ரியூப் இல்லாத ரயரின் வால்வைப் பொருத்தியிருந்தேன். த்ரொட்டில் ஓய்வில் இருக்கும்போதும் சிறு இடைவெளி விடுகிறது. சார்ஜரின் சுழலிகளுக்கு இடையிலும் இம்மியளவு இடம் உண்டு. காற்று மெல்ல மெல்லப் போய்ச் சேரும், பொறுமை வேண்டும். கம்பிரசரின் அழுத்தத்தை 0.4 பாருக்கு மேல் விடவில்லை. எஞ்சினின் மூச்சுக் குழாயையும் முன்கூட்டியே பிரித்து அடைத்துவிட்டேன். இல்லாவிட்டால் அழுத்தம் எண்ணெய் இருக்கும் பகுதிக்குப் போய்ச் சீல்களைத் தள்ளிவிடும். திறந்திருக்கும் வால்வு வழியாக ஏதேனும் ஒரு சிலிண்டருக்குள் காற்று போய், சைலன்சரில் மெல்லிய சீறல் கேட்பது இயல்பு. அதைக் கசிவென்று எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தடவினேன். கீறலில் குமிழிகள் பொங்கின, அது எதிர்பார்த்ததே. பைபாஸ் வால்வுக்குப் போகும் சிறு ஹோஸின் முனையிலும் குமிழி வந்தது. இறப்பர் காய்ந்து கண்ணாடி போல் வெடித்திருந்தது. அந்த முனையை வெட்டி எறிந்து புது ஹோஸ் போட்டேன். பைபாஸ் வால்வையும் பார்த்தேன். இந்தக் காரில் அதை மூடிவைப்பது சுருள்வில், திறப்பது வெற்றிடம். பெரிய ஊசிமருந்துச் சிரிஞ்சால் உறிஞ்சியபோது நெம்புகோல் தயங்காமல் நகர்ந்தது. உறிஞ்சியபடி பிடித்திருந்தபோது நழுவவில்லை. விட்டவுடன் முழுதாக மூடியது. அந்தப் பக்கம் சந்தேகம் தீர்ந்தது.

இறப்பர் இணைப்புகள் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். ஒன்று கிழிந்த வயதில் மற்றதும் கிழியக் காத்திருக்கும். வடிகட்டியைத் தட்டியபோது கொட்டிய புழுதியைப் பார்த்து அதையும் மாற்றினேன். கார் திரும்ப வீதிக்குப் போனது. 3000 சுற்றில் 0.4. 4000இல் 0.5. 5000இலும் அதே 0.5. அத்துடன் ஊசி நடுங்கியது.

கீழ்ப்பகுதி சரியாகிவிட்டது. உறுத்திக்கொண்டிருந்த அந்தத் தேக்கம் இப்போது தனியாக வெளியே தெரிந்தது. கசிவுதான் காரணம் என்றால் சுற்றோடு சேர்ந்து ஊசியும் கொஞ்சமாவது ஏறியிருக்கும். தேங்கி நடுங்குகிறது என்றால் சார்ஜர் சுற்ற வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை. பெல்ட்டைப் பார்த்தேன். பளபளப்பு இல்லை, வெடிப்பு இல்லை, எண்ணெய் படவில்லை. இழுவிசை தரும் கை ஒழுங்காக அசைந்து திரும்பியது. பெல்ட் வழுக்கினால் கீச்சென்ற சத்தமும் எரிந்த இறப்பர் வாடையும் வரும். இரண்டும் இல்லை.

எங்கள் பகுதியில் வயதில் மூத்த திருத்துநர் ஒருவர் இருக்கிறார். போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு துளி பெற்றோல் ஊற்றிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்தவர்களில் அவரும் ஒருவர். உதிரிப்பாகம் எதுவும் வராத அந்த ஆண்டுகளில் எதையும் மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கவில்லை. குறை எங்கே என்று உறுதியாகத் தெரிந்த பிறகே கை வைப்பார்கள். அந்தப் பழக்கம் இன்றும் அவரிடம் அப்படியே இருக்கிறது. எனக்குக் கிடைத்த பயிற்சியும் அவரிடமிருந்துதான். வந்து, நான் எழுதிய எண்களை நிதானமாகப் படித்துவிட்டு, "பெல்ட் வழுக்கவில்லை என்றால் பெல்ட்டைச் சுற்றுவது வழுக்குகிறதா என்று பார், தம்பி" என்றார்.

இந்தக் காரின் கிராங்க் கப்பி ஒரே வார்ப்பு அல்ல. நடுவில் ஒரு குடம், வெளியே பெல்ட் ஓடும் வளையம், இரண்டுக்கும் இடையில் ஒட்டப்பட்ட இறப்பர். கிராங்கின் முறுக்கு அதிர்வைத் தணிக்க அப்படிச் செய்கிறார்கள். ஆண்டுகள் கடக்கும்போது, வெப்பத்திலும் எண்ணெயிலும் அந்த இறப்பர் பிடி விட்டுவிடும். அப்போது குடம் கிராங்கோடு சுற்ற, வெளி வளையம் பின்தங்கும். சுமை குறைந்தபோது ஒன்றாகவே சுற்றும், எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சார்ஜர் அதிக வலுவைக் கேட்கும் மேல் சுற்றுகளில் மட்டும் நழுவும். ஆர்53இல் இது அடிக்கடி வரும் முதுமைக் குறை.

சோதனை மிக எளியது. வலது முன் சில்லைக் கழற்றி, உள் மறைப்பை விலக்கி, குடத்திலிருந்து வெளி வளையம் வரை குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு வரைந்தேன். எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மை இதற்கு நல்லது. எண்ணெய் துடைத்த இடத்தில் நன்றாகப் பிடிக்கும். எல்லாவற்றையும் பூட்டி, வீதியில் ஒரு முறை முழுதாக மிதித்து ஓட்டித் திரும்பி வந்து பார்த்தபோது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. வளையத்தின் பாதிக் கோடு குடத்தின் பாதிக் கோட்டை விட்டு விரல் நீளம் தள்ளி நின்றது. விளிம்பில் கறுப்பு இறப்பர் தூளும் இருந்தது.

இதை இழுவைக் குறை என்று மட்டும் பார்ப்பது ஆபத்து. ஆர்53இல் தண்ணீர்ப் பம்பை நேரடியாகப் பெல்ட் சுற்றுவதில்லை. சார்ஜரின் மறுமுனைப் பற்சக்கரம்தான் சுற்றுகிறது. வளையம் முற்றாகக் கழன்றாலோ பெல்ட் வெளியே பாய்ந்தாலோ பூஸ்ட்டோடு குளிரூட்டலும் நின்றுபோகும். மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவில், வெயில் எரிக்கும் நண்பகலில் அது நடந்தால் எஞ்சின் தலை வளைந்துவிடும். உரிமையாளரிடம் இதை விளக்கி, கப்பி வரும் வரை காரை எடுக்க வேண்டாம் என்று மறித்தேன். அவரும் ஏற்றுக்கொண்டார்.

புதுக் கப்பி கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. பழையதைக் கழற்ற மூன்று கால் இழுப்பான் வேண்டும், கால்கள் குடத்தைப் பிடிக்க வேண்டும். வெளி வளையத்தைப் பிடித்து இழுத்தால் வளையம் மட்டும் கையோடு வரும். பெல்ட் நல்ல நிலையில் இருந்தாலும் புதிதாகவே போட்டேன். இவ்வளவு பிரித்த பிறகு பழைய பெல்ட்டைத் திரும்பப் போடுவதில் மிச்சம் எதுவும் இல்லை.

பழைய நேரத்திலேயே, அதிகாலையில், அதே வீதியில் அளந்தோம். நேரம் முக்கியம். நண்பகல் வெயிலில் இன்டர்கூலர் சூடேறி நிற்கும். ஊசி அதே எண்ணைக் காட்டினாலும் சூடான காற்றில் பொருண்மை குறைவு, இழுவையும் குறையும். அதிகாலை அளவை நண்பகல் அளவோடு ஒப்பிட்டால் இல்லாத குறை ஒன்று தோன்றும். 3000 சுற்றில் 0.42, 4000இல் 0.55, 5000இல் 0.65. ஊசி நடுங்கவில்லை, சுற்றோடு சேர்ந்து ஏறியது. உரிமையாளர் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியபோது முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்குக் கூலியை விடப் பெரிது.

பிறகு அவர் ஒன்று கேட்டார். சார்ஜரின் கப்பியை 15 சதவீதம் சிறிதாக்கினால் பூஸ்ட் 1 பாருக்குப் போகுமாமே, அதையும் செய்துவிடலாமா என்று. போகும். சிறிய கப்பியால் சார்ஜர் ஏறக்குறைய 18 சதவீதம் வேகமாகச் சுற்றும். ஆனால் காற்றும் அந்த அளவுக்குச் சூடேறும். சூடான நெருக்கக் காற்றும், தானாக வெடிப்பதைப் பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஒக்ரேன் எண் குறைவதும் சேர்ந்தால், கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறும்போது தட்டியதற்கும் குறைந்த ஒக்ரேன்தான் காரணம். தட்டலை உணரும் கருவி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும், அப்போது கூடுதல் பூஸ்ட்டால் வந்த வலுவில் நல்ல பங்கு போய்விடும். குளிர் நாட்டில் உயர் ஒக்ரேன் பெற்றோலோடு பொருந்தும் மாற்றம் பங்குனி, சித்திரை வெயிலில் வன்னிக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். 95 ஒக்ரேன் பெற்றோலையே எப்போதும் ஊற்றும்படியும், கிரவல் வீதியில் ஓடுவதால் புத்தகத்தில் எழுதியிருக்கும் தூரத்தில் பாதிக்கே வடிகட்டியை மாற்றும்படியும் சொன்னேன். புதுக் கப்பியிலும் ஒரு வெள்ளைக் கோடு வரைந்திருக்கிறேன். எண்ணெய் மாற்ற வரும்போதெல்லாம் சில்லைக் கழற்றி அந்தக் கோடு நேராக நிற்கிறதா என்று பார்ப்பதாக ஏற்பாடு.